காய்ச்சல் வார்டும் சமநிலை விலையும்

நாலு மணி வகுப்பில் மொத்தம் இருபத்திரண்டு பேர். இருபத்தொரு பேருக்கு வயது பதினேழு. கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருப்பவருக்கு முப்பத்தொன்பது.

செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை, அதுதான் டியூஷன். படிக்கட்டு குறுகல்; ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மின்விசிறி இரண்டு, சுற்றுவது ஒன்று. அதன் காற்று கடைசி பெஞ்சு வரை எட்டாததால் அங்கே யாரும் உட்காருவதில்லை. முப்பத்தொன்பது வயதுக்காரர் அந்த இடத்தைத் தேடிப்போய்ப் பிடித்ததற்குக் காரணம், கண் சொக்கினால் சாய்ந்துகொள்ள அங்கே சுவர் இருந்தது.

முதல் நாள் பிள்ளைகள் அவரை யாரோ ஒருத்தியின் அம்மா என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள் ஆன்ட்டி என்றார்கள். அடுத்த வாரம் மதியம் சாப்பிடாமல் வந்த ஒரு பெண் பெஞ்சிலிருந்து மயங்கிச் சரிந்தாள். மற்றவர்கள் சுற்றிக் கூடி நின்று காற்றை மறைத்தபோது, இவர் வந்து எல்லாரையும் விலக்கி, அவளைத் தரையில் கிடத்தி, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நாடியைப் பிடித்தார். அன்றிலிருந்து வார்டு அக்கா.

பெரிய ஆஸ்பத்திரியின் காய்ச்சல் வார்டில் உதவியாளர். பதினாலு வருடமாக அதே வார்டு. விரிப்பு மாற்றுவது, நகர முடியாதவர்களைத் திருப்பிப் படுக்கவைப்பது, சிறுநீரை அளந்து எழுதுவது, முப்பது படுக்கைக்கும் காய்ச்சலும் நாடியும் பார்த்துச் சார்ட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது, எல்லாம் அவர் வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்கு வெளியே. மாதத்தில் ஒரு வாரம் இரவு வேலை. அந்த வாரங்களில் அவர் டியூஷனுக்கு வருவார், ஆனால் வந்ததாகச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி உதவியாளர்களுக்கென்று நர்சிங் பயிற்சியில் வருடத்துக்குப் பன்னிரண்டு இடம் ஒதுக்குகிறார்கள். மேல்நிலைத் தேர்வு முடித்திருக்க வேண்டும். வயது நாற்பதைத் தாண்டக்கூடாது. பத்தாம் வகுப்போடு நின்றுபோன அக்கா, தனித்தேர்வராக ஒவ்வொரு பாடமாக எழுதி முடித்துவிட்டார். பொருளியல் மட்டும் பாக்கி. முதல் தடவை இருபத்தொன்று. இரண்டாம் தடவை இருபத்தாறு. தேற முப்பத்தைந்து வேண்டும். வரப்போகும் தேர்வு முடிந்து மூன்றாம் மாதம் அவருக்கு நாற்பது முடிகிறது. ஆகவே இதுதான் கடைசி.

டியூஷனுக்குப் போகச் சொன்னது வார்டின் தலைமை நர்ஸ். எல்லாரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். "தனியாப் படிச்சு ரெண்டு தடவை பாத்தாச்சு. யார்கிட்டயாவது உக்காந்து படி. இல்லேன்னா விட்டுத் தொலை. பாசாகறதுக்குள்ள நீயும் சாவே, என்னையும் சாகடிப்பே" என்று ஒரு நாள் ஊசித் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மறுநாள் அக்கா படியேறினார்.

வீட்டில் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் மனைவியும் மகளும் இரண்டு மூலையில் உட்கார்ந்து சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். வேனே தேவலை என்பார். ஆனால் தேர்வு முடியும் வரை சமையல் அவர் பொறுப்பு என்று அவராகவே எடுத்துக்கொண்டார். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். யாரும் குறை சொல்லவில்லை; குறை சொல்லும் தெம்பு யாருக்கும் இல்லை.

டியூஷன் மிஸ்ஸுக்கு இருபத்துநாலு வயது. பொருளியலில் முதுகலை முடித்துவிட்டு வேலைக்கான போட்டித் தேர்வுகளை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு நாலு வகுப்பு. மூன்றாவது வகுப்புக்குள் தொண்டை கட்டிவிடும். மேசையில் எப்போதும் வெந்நீர்க் குடுவை. தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் வாரம் தடுமாறினார். பிறகு அவரும் அக்கா என்றார். அக்கா அவரை மிஸ் என்றார். இருவருக்கும் நடுவே "நீங்க" கடைசி வரை குறையவில்லை.

வரையறைகளில் அக்காவுக்குப் பிரச்சினையே இல்லை. மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்து பழகிய தலை. நுண்ணினப் பொருளியல் என்றால் என்ன என்று கேட்டால், தனி மனிதர், தனிக் குடும்பம், தனி நிறுவனம் எடுக்கும் முடிவுகளைப் பற்றியது என்று மூச்சுவிடாமல் சொல்வார். விலை குறைந்தால் வாங்கும் அளவு கூடும், அது தேவை விதி. விலை கூடினால் விற்க வரும் அளவு கூடும், அது அளிப்பு விதி. கடகடவென்று வரும். வரைபடம் என்று வந்தால்தான் வண்டி நின்றுவிடும்.

முதல் மாதத் தேர்வில் தேவைக் கோட்டை விளக்கச் சொல்லியிருந்தார்கள். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் சாய்கோடு. அக்கா அளவுகோல் வைத்து அழகாகப் போட்டு, கீழே இப்படி எழுதியிருந்தார்: "ஆரம்பத்தில் விலை அதிகமாக இருந்தது. பின்னர் படிப்படியாகக் குறைந்தது. கடைசியில் இயல்பு நிலைக்கு வந்தது."

மிஸ் அதைச் சிவப்பால் அடித்து, எந்த நோட்ஸைப் பார்த்துப் படிக்கிறார் என்று விசாரித்தார். நோட்ஸ் எதுவும் இல்லை. அளிப்புக் கோட்டுக்கு, அது மேல்நோக்கி ஏறுவது, அக்கா எழுதிய விளக்கம்: "விலை தொடர்ந்து ஏறிக்கொண்டே இருப்பதால் கவனிக்க வேண்டும்." யாரைக் கவனிக்க வேண்டும் என்று மிஸ் ஓரத்தில் எழுதிக் கேட்டிருந்தார்.

இதெல்லாம் இரண்டு மார்க், மூன்று மார்க் விவகாரம். பெரிய இழப்பு பத்து மார்க் கேள்வியில். இறங்கும் தேவைக் கோடும் ஏறும் அளிப்புக் கோடும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் சமநிலை விலை தீர்மானமாகிறது. வருடம் தவறாமல் கேட்கிற கேள்வி. அக்கா ஒரு கோட்டை நீலத்திலும் மற்றதைச் சிவப்பிலும் போடுவார். அச்சடித்தது போல இருக்கும். கீழே ஒரு வரி இருக்காது. மூன்று மாதிரித் தேர்விலும் படம் மட்டும், பிறகு வெறும் தாள்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மிஸ் அவரை மட்டும் இருக்கச் சொன்னார். பிள்ளைகள் படியிறங்கும் சத்தம் ஓயும் வரை காத்திருந்துவிட்டு விடைத்தாளை விரித்தார்.

"அக்கா, படம் என்னைவிட நல்லாப் போடறீங்க. கீழ ஒரு வரிகூட இல்லையே, ஏன்?"

"எழுத வரல மிஸ்."

"ரெண்டு கோடும் எங்க சந்திக்குதோ அதுதான் விலை. அதை எழுதினாலே பாதி மார்க் வந்துடும்."

அக்கா தாளைத் திருப்பி வைத்தார். "அது ரெண்டும் சந்திக்கக் கூடாது மிஸ்."

பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. வார்டு சார்ட்டில் காய்ச்சலுக்கு நீலம், நாடிக்குச் சிவப்பு. கீழே இடமிருந்து வலமாகத் தேதி ஓடும். காய்ச்சல் சட்டென்று இறங்குகிறது, நாடி ஏறுகிறது, இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டுகிறது என்றால், காய்ச்சல் விட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. ஆள் உள்ளே எங்கேயோ உடைகிறார் என்று அர்த்தம், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி டாக்டரைக் கூப்பிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பெரிய சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது இது. பதினாலு வருடத்தில் அக்கா அப்படி வெட்டிக்கொண்டதை ஏழு தடவை பார்த்திருக்கிறார். வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் நாலு பேர். தேர்வுத் தாளில் அந்தப் படத்தைப் போட்டதும் கை தானாக நின்றுவிடும். என்ன எழுத முடியும் அதன் கீழே?

மிஸ் குடுவையைத் திறந்தார். வெந்நீர் குடித்தார். பிறகு கேட்டார்.

"அப்போ தேவைக் கோடு மட்டும் தனியா இருந்தா?"

"அது நல்ல சார்ட். காய்ச்சல் எறங்குது."

"அளிப்பு?"

"ஏறுது. டாக்டர் வந்து பாக்கணும்."

"பக்கத்துல பக்கத்துல ரெண்டு தேவைக் கோடு போட்டா?"

"ரெண்டு பேஷண்ட்."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். முதலில் அக்காவுக்கு முகம் சுருங்கியது. அப்புறம் அவரும் சிரித்தார். டியூஷன் சேர்ந்து நாலு மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

சிரித்து முடித்ததும் மிஸ் ஒரு தாளை எடுத்தார். கீழ்க்கோட்டின் அடியில் "எப்போது" என்று எழுதி, அதைப் பெருக்கல் குறி போட்டு அடித்துவிட்டு, "எத்தனை" என்று பெரிதாக எழுதினார். இதில் நாள் ஓடவில்லை என்றார். எல்லாமே ஒரே நிமிடத்தில் கேட்கும் கேள்விகள். ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ இருபது என்றால் ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பீர்கள்? ஒன்று. பதினைந்து என்றால்? இரண்டு. பத்து? மூன்று. ஐந்து?

"மூணுதான் மிஸ். நாலாவது எறங்காது. அந்த டீ அப்படி."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த பாடமே அதுதான், ஒரே பொருளை மேலும் மேலும் நுகரும்போது கிடைக்கும் கூடுதல் பயன் குறைந்துகொண்டே போகும் என்ற விதி. அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றார். அக்கா நம்பவில்லை. டீ நன்றாக இல்லை என்று சொன்னதற்கு மார்க் கொடுப்பார்களா என்று கேட்டார்.

அதன்பின் ஐந்து வாரம் நன்றாகப் போனது. அடுத்த மாதிரித் தேர்வில் முப்பத்தொன்பது. சமநிலை விலைக்குக் கீழே முழுப் பக்கம் எழுதியிருந்தார்: அந்தப் புள்ளியில் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒத்துப்போகிறார்கள், மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. மிஸ் அதை வகுப்பில் வாசித்தே காட்டினார்.

தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். உடன் வேலை பார்க்கும் ஒருத்தி விடுப்பில் போனதால் அக்கா அந்த வாரம் மாலை வேலையும் சேர்த்துப் பார்த்தார். வகுப்பு முடிந்து நேரே வார்டு. ஆறு மணி சுற்று. பத்தொன்பதாம் படுக்கையில் ஒரு தையல்காரர். காய்ச்சல் ஏழாம் நாள். அக்கா நீலப் புள்ளி வைத்தார், கீழே இறங்கியிருந்தது. சிவப்புப் புள்ளி வைத்தார், மேலே ஏறியிருந்தது. கோடுகளை இழுத்தார். இரண்டும் வெட்டிக்கொண்டன.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமநிலை என்று மனம் சொன்னது. மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. பாடம் சரியாக ஞாபகம் வந்ததில் ஒரு திருப்திகூட இருந்தது.

அரை நிமிடம் இருக்கும். பிறகு பேனாவைப் போட்டார். ஓடினார்.

டாக்டர் வந்தார், பெரிய சிஸ்டர் வந்தார், தையல்காரரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆள் பிழைத்துவிட்டார் என்று மறுநாள் மதியம் தெரிந்தது. அக்கா நின்ற அந்த அரை நிமிடம் யாருக்கும் தெரியாது. அவராகத்தான் போய்ச் சொன்னார். பெரிய சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை, அரை நிமிடத்தால் எதுவும் ஆகவில்லை என்றார். கொஞ்சம் பொறுத்து, அடுத்த தடவையும் அரை நிமிடத்தோடு நிற்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவர் எதையும் பூசி மெழுகுகிறவர் இல்லை.

அக்கா மூன்று நாள் டியூஷனுக்குப் போகவில்லை. புத்தகத்தை அலமாரிக்கு மேலே, கை எட்டாத இடத்தில் போட்டார். நர்ஸ் ஆக வேண்டும் என்றுதான் இந்தப் படிப்பு. இந்தப் படிப்போ நர்ஸுக்கு வேண்டிய கண்ணைக் கெடுக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கணவரிடம் சொன்னார். கணவர் மனைவியின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

நாலாம் நாள் மிஸ் போன் செய்தார். அக்கா நடந்ததைச் சொன்னார்.

"நீங்க சொல்லிக்குடுத்தது தப்பில்ல மிஸ். என் மண்டையில அந்தக் கோட்டுக்கு ஒரு இடந்தான் இருக்கு. அங்க நான் ஆளுங்கள வச்சிருக்கேன். காலி பண்ணச் சொன்னா எப்படி?"

மிஸ், தேர்வுக்குப் பதினாறு நாள்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதுவே தப்பாகச் சொல்லிவிட்டது போல உடனே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்தார்.

மறுநாள் காலை மருந்துச் சுற்று. நர்ஸ் மாத்திரையை எடுத்து நீட்டுவதற்கு முன் நோயாளியிடம் பெயரைக் கேட்டுச் சீட்டோடு சரிபார்ப்பது அக்காவின் வேலை. முகம் தெரிந்தவராக இருந்தாலும் கேட்க வேண்டும். அது வார்டின் விதி. ஐந்தாம் படுக்கைப் பெரியவர் பத்து நாளாக அங்கே இருக்கிறார். பேச்சுக்கு ஆள் தேடுகிறவர்.

"பத்து நாளா தெனம் மூணு வேளை பேரு கேக்கறே. என் பொண்டாட்டிகூட என் பேரை இத்தன தடவ சொன்னதில்ல. இன்னுமா மனசுல நிக்கல?"

"மனசுல நிக்கிறத நம்பி மாத்திரை குடுக்க மாட்டோம் ஐயா. கேட்டுட்டுத்தான் குடுப்போம்."

சொல்லிவிட்டு அக்கா தட்டோடு அப்படியே நின்றார். நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஆறாம் படுக்கைக்கு நகர்ந்தார்.

அன்று மாலை நாலு மணிக்குப் படியேறி வந்தவர் கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை. நேரே மேசைக்குப் போனார். கோட்டிடமும் பெயர் கேட்க வேண்டும் மிஸ் என்றார். கோட்டைப் பார்க்கும் முன் கீழே விரலை வைத்து, கீழே என்ன என்று வாய்விட்டுக் கேட்பது. பக்கவாட்டில் விரலை வைத்து, பக்கத்தில் என்ன என்று கேட்பது. பதில் வந்த பிறகுதான் கோட்டைப் பார்ப்பது. கீழே தேதி என்றால் ஆள். கீழே எத்தனை என்றால் சந்தை. வார்டிலும் இதையே செய்வது, எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும். மதியம் முப்பது சார்ட்டிலும் விரல் வைத்துச் செய்து பார்த்தாயிற்று, ஒன்றுக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை.

மிஸ் அதை அப்படியே கரும்பலகையில் எழுதிவிட்டார். கோட்டில் தடுமாறுகிறவர்கள் வகுப்பில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இரண்டு நாளில் படம் போடும்போதெல்லாம் அறை முழுக்க முணுமுணுப்பு. கீழ என்ன, பக்கத்துல என்ன. "எந்தப் படுக்கை, என்னிக்கு அட்மிஷன்?" என்று ஒருத்தி சேர்த்துக்கொண்டாள். அக்கா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். வார்டில் சத்தம் போடும் உறவினர்களைப் பார்க்கும் பார்வை. அவள் அடங்கினாள்.

தேர்வு வாரத்தில் இரவு வேலை விழக்கூடாது என்று பெரிய சிஸ்டர் பட்டியலை மாற்றிக் கொடுத்திருந்தார். முந்தின நாள் மாலை, இரவுக்கு வர வேண்டியவளின் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. மாற்று ஆள் கிடைக்கவில்லை. அக்காவே இரவு முழுக்க நின்று, காலையில் ஆள் வந்து சேரும் வரை இருந்துவிட்டு, எட்டரைக்கு வார்டிலிருந்து நேரே தேர்வுக்குப் போனார். கணவர் பிள்ளைகளை இறக்கிவிட்ட வெறும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் மகள் எழுதிக் கொடுத்த வரையறைச் சீட்டை மடியில் விரித்தபடியே தூங்கிப்போனார் அக்கா. சிக்னலில் எழுப்ப மனமில்லாமல், தேர்வு நடக்கும் பள்ளியின் வாசலில் வண்டியை ஐந்து நிமிடம் சும்மா நிறுத்தி வைத்துவிட்டுத்தான் கணவர் எழுப்பினார்.

பெஞ்சு பள்ளிப் பிள்ளைகளுக்கானது. முழங்கால் இடித்தது. பத்து மார்க் கேள்வி வந்திருந்தது. அக்கா படத்தைப் போட்டு, விரலை வைத்து, உதட்டை அசைத்தார். மேற்பார்வைக்கு நின்றவர் விறுவிறுவென்று வந்தார்.

"யார்கிட்டம்மா பேசறீங்க?"

"இதுகிட்டதான் சார்," என்று அக்கா தாளைக் காட்டினார்.

அவர் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார், ஒன்றும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அக்கா ஒன்றரைப் பக்கம் எழுதினார். விலை மாற்றத்துக்குத் தேவை எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்று கணக்குப் போடும் நெகிழ்ச்சிக் கேள்வியைத் தொடவே இல்லை. கடைசி அரை மணியில் தலை மேசையில் சாய்ந்துவிட்டது. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் அதே மேற்பார்வையாளர் பெஞ்சைத் தட்டி எழுப்பினார். தாளில் ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் காட்டினார். அக்கா அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு சின்னக் கேள்விகளை எழுதி முடித்தார்.

முடிவு வந்தபோது அவருக்கு நாற்பது முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது. நாற்பத்திரண்டு மார்க். மதிப்பெண் பட்டியலின் நகலை எடுத்துக்கொண்டு அன்றே விண்ணப்பம் கொடுத்தார். மிஸ்ஸுக்குப் போன் செய்தபோது அவர் எடுக்கவில்லை, வகுப்பில் இருந்தார். நாலு வகுப்பும் முடிந்த பிறகு, குரலே இல்லாத குரலில் கூப்பிட்டு, நெகிழ்ச்சிக் கேள்வியை எழுதியிருந்தால் ஐம்பது வந்திருக்கும் என்றார். அக்காவும் ஆமாம் மிஸ் என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேசத் தெம்பில்லை.

பன்னிரண்டு இடத்தில் பதினோராவதாக அவர் பெயர் இருந்தது. மூன்று வருடப் படிப்பு. முதல் வருடத்துக்கான புத்தகங்களைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு கட்டாகக் கொடுத்தார்கள். கணவர்தான் வேனில் கொண்டுவந்து இறக்கினார். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல். ஒவ்வொன்றையும் கையில் எடை பார்த்து மேசையில் வைத்தார். பொருளியல் ஒன்றோடு தொல்லை விட்டது என்றல்லவா நினைத்தேன், இது என்ன ஒரு வேன் பாரம் இருக்கிறது என்றார். மகள் மேலே இருந்த புத்தகத்தைப் பிரித்து, முதல் பாடத்திலேயே எலும்புகள் இருநூற்றாறு என்று அறிவித்தாள்.

அக்கா அன்று காலை வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புத்தகங்களைப் பார்த்தார். பதினாலு வருடமாகக் கேட்டது இதுதான், வந்துவிட்டது.

"என்ன, ஒண்ணும் பேசாம இருக்கே," என்றார் கணவர். "சந்தோஷம்தானே?"

"சந்தோஷந்தான்," என்று அக்கா எழுந்து உள்ளே போனார். "கொஞ்சம் தூங்கி எந்திரிச்சு சந்தோஷப்படறேன்."